நல்ல பயிற்றுநர் ஊரில் தங்க வேண்டுமென்றால்...

இடைநிலைப்பள்ளியில் நான் கூடைப்பந்து விளையாடிய நாள்களில் எங்களுக்கு அருமையான பயிற்றுநர் ஒருவர் இருந்தார். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து மாவட்டக் கிண்ணம் வாங்கிக் கொடுத்தார். பெட்ரோல் செலவுகூட அவர் கைப்பணம்தான். மூன்றாம் ஆண்டு, சம்பளம் தருகிறோம் என்று அழைத்த வேறொரு குழுவுக்குப் போய்விட்டார். “நம்மை விட்டுப் போய்விட்டாரே” என்று கோபப்பட்டோம். அவர் தங்குவதற்கு நாம் என்ன செய்தோம் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வி எனக்கு 2017 ஏப்ரலில்தான் எழுந்தது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து இறுதியாட்டத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே திங்கள் இரவு. இங்கே செவ்வாய்க் காலை. புகழ்பெற்ற நார்த் கரோலைனாவை எதிர்த்து ஆடியது கோன்சாகா. 65-71 எனத் தோற்றாலும், இவ்வளவு சிறிய பல்கலைக்கழகம் எப்படி இங்கு வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேன் நகரில் இருக்கிறது கோன்சாகா. 1999-இல் அதன் குழு முதன்முறையாக நாட்டின் கடைசி எட்டுக் குழுக்களில் ஒன்றானது. உடனே அதன் பயிற்றுநர் டான் மான்சனை மின்னசோட்டா பல்கலைக்கழகம் அழைத்துக்கொண்டது. சிறிய கல்லூரிகளின் வழக்கமான கதை இது. துணைப் பயிற்றுநர் மார்க் ஃபியூ பொறுப்பேற்றார். அவரும் போய்விடுவார் என்றே பலரும் நினைத்தார்கள். அவர் போகவில்லை.

காரணம் சம்பளம் மட்டுமல்ல. 2004-இல் 6,000 பேர் அமரும் புதிய அரங்கம் எழுந்தது. பெரும் நன்கொடை வழங்கிய மெக்கார்த்தி குடும்பத்தின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 2018-இல் நன்கொடையாளர் பெயரிலேயே பயிற்சி மையமும் வந்தது. டிக்கெட்டுக்காக மாணவர்கள் கூடாரம் அடித்துக் காத்திருக்கிறார்கள். ஆதரவாளர் மன்றத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டுவோரில் பழைய மாணவர்களும் உள்ளூர்க்காரர்களும் உண்டு. பக்கத்து ஆறுகளில் மீன் பிடிப்பதில் ஃபியூவுக்குக் கொள்ளை ஆசை. வேலையும் வாழ்க்கையும் ஒரே ஊரில் கிடைத்தால் எதற்குப் போக வேண்டும்?

ஸ்டான்ஃபோர்டில் இன்னொரு வழி. நன்கொடையாளர் தரும் பெருந்தொகையை நிதியமாக முதலீடு செய்து, அதன் வருமானத்தில் பயிற்றுநர் பதவியைத் தாங்குகிறார்கள். பதவிக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். அங்கே பெண்கள் குழுவைப் பயிற்றுவித்த டாரா வேன்டர்வீர் வகித்தது அத்தகைய பதவிதான். 1985-இல் வந்தவர், ஒலிம்பிக் குழுவுக்காக ஓராண்டு விலகியது தவிர, 2024 வரை அங்கேயே இருந்தார். 1990, 1992, 2021 என மூன்று தேசிய வெற்றிகள்.

பணம் எல்லாவற்றையும் சாதித்துவிடாது. பட்லர் பல்கலைக்கழகத்தை 2010, 2011 இறுதியாட்டங்களுக்குக் கொண்டு சென்ற பிராட் ஸ்டீவன்ஸ், 2013-இல் பாஸ்டன் செல்டிக்ஸ் குழுவுக்குச் சென்றார். தொழில்முறைக் கூடைப்பந்தின் அழைப்போடு கல்லூரி போட்டி போட முடியாது. கொடுக்கும் கை சில வேளைகளில் அதிகாரமும் கேட்கும். நாலு ஆட்டம் தோற்றால், பயிற்றுநரை மாற்றச் சொல்வோரும் நன்கொடையாளர்களில் உண்டு. கோன்சாகாவின் பாடம் பொறுமை. 2017-இல் தோற்றது, 2021-இல் மீண்டும் இறுதிக்கு வந்து பேலரிடம் தோற்றது. ஃபியூவை யாரும் துரத்தவில்லை.

கோடிக்கணக்கான டாலர் நம்மிடம் இல்லைதான். இப்போது என் மகள் ஆடும் குழுவின் பயிற்றுநர் மோட்டார் சைக்கிளில் தொலைவிலிருந்து வருகிறார். பெற்றோர் இருபது பேர் பேசி, மாதம் ஆளுக்குப் பத்து வெள்ளி போடுகிறோம். முதல் மாதம் உறையை நீட்டியபோது வாங்கத் தயங்கினார். “சம்பளம் இல்லை சார், பெட்ரோலுக்கு” என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கினார்.

இந்த ஆண்டு எங்கள் பிள்ளைகள் முதல் சுற்றிலேயே தோற்றார்கள். மறுவாரம் சனிக்கிழமை, வழக்கம்போல எங்களுக்கு முன்னே திடலுக்கு வந்திருந்தார்.