பெட்டியில் ஒரு டிஸ்க் பழுதானால்...

சொந்த ஊரை விட்டு வந்து தில்லி, மும்பை, கொல்கத்தா என்று வேரூன்றிவிட்ட நம் குடும்பங்கள் பலவற்றில் பரம்பரைச் சொத்து என்று நிலமோ வீடோ மிஞ்சியிருப்பதில்லை. தாத்தாவின் இன்லண்டு கடிதங்கள், கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள், பாட்டி பேசிய ஓர் ஒலிநாடா, பழைய கல்யாண வீடியோ ஆகியவைதான் சொத்து. இவற்றையெல்லாம் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். "இனிக் கவலையில்லை, எல்லாம் பத்திரம்" என்று நாமும் நிம்மதியாக இருக்கிறோம். எங்கே பத்திரமாக இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலோர் சொல்லும் பதில் ஒன்றுதான்: ஹார்ட் டிஸ்க்கில்.

ஹார்ட் டிஸ்க் என்பது ஓர் இயந்திரம். உள்ளே பளபளக்கும் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான உயரத்தில், தட்டைத் தொடாமல், படிக்கும் முனை மிதக்கிறது. 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க்கில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அவ்வளவு பெரிய சாதனத்தில் அடங்கியவை சுமார் 50 லட்சம் எழுத்துகளே. இன்று கையடக்கமான டிஸ்க்கில் பல டெராபைட் அடங்குகிறது. ஆனாலும் மிக்ஸிக்கும் மின்விசிறிக்கும் உள்ள விதிதான் இதற்கும். சுழல்வது ஒரு நாள் தேயும்.

மயூர் விகாரில் உள்ள எங்கள் வீட்டில், டி.வி. அலமாரியின் கீழ்த்தட்டில், 2018 முதல் ஒரு சிறு பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டு ஸ்டோரேஜ் சர்வர் என்பார்கள். அதில் 4 டெராபைட் டிஸ்க்குகள் இரண்டு. ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் பதிவாகும். இந்த மாதிரி ஏற்பாட்டுக்கு 'ரெய்டு' என்று பெயர். வருமான வரிக்காரர்கள் நடத்தும் ரெய்டு அல்ல! பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவரும் 1988-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் சூட்டிய பெயர் அது. ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றது வேலையைத் தொடரும் என்பதே இதன் பயன்.

2024 மே மாதம், தில்லி வெயில் உச்சத்தில் இருந்தபோது, பெட்டியிலிருந்து எனக்கு ஓர் எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தது. முதல் டிஸ்க்கில் படிக்க முடியாத செக்டார்கள் 8 என்றது. மறுநாள் பார்த்தால் 24.

ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. இதற்கு 'ஸ்மார்ட்' என்று பெயர். அந்த அட்டவணையில் நாம் பார்க்க வேண்டிய வரிகள் நான்கு. 5-ஆம் எண், கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டார்கள். 197-ஆம் எண், படிக்க முடியாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. 198, சோதனையின்போதும் படிக்க முடியாதவை. 199-ஆம் எண் மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள் கோளாறு. டிஸ்க்கைக் குற்றம் சொல்ல வேண்டாம். என் டிஸ்க்கில் ஏறியது 197.

"அரே சாப், எட்டு, பத்து செக்டார் போனால் என்ன, இன்னும் இரண்டு வருஷம் ஓடும்" என்றார் நேரு பிளேஸில் ஒரு கடைக்காரர். ஓடவும் கூடும். ஆனால் கூகுள் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-ல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. மேற்பரப்புச் சோதனையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு, பிழையில்லாத டிஸ்க்கைப் போல் 39 மடங்கு. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான அந்தப் பிழைக் கணக்குகள் எதிலும் ஓர் எச்சரிக்கைகூடக் காட்டாமலே போய்விட்டன. எச்சரிக்கை கிடைத்தவன் அதிர்ஷ்டசாலி என்றுதான் கொள்ள வேண்டும்.

புனேயில் இருக்கும் மகனிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"இன்னொரு டிஸ்க் நல்லாத்தானே இருக்குப்பா? கெட்டதை எடுத்துட்டுப் புதுசு மாட்டுங்க. அதுவே காப்பி பண்ணிக்கும்" என்றான்.

"மாட்டறதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்குடா" என்றேன்.

அந்த ஒரு வேலையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. புது டிஸ்க்கை மாட்டியதும், மிஞ்சியிருக்கும் பழைய டிஸ்க்கை முதலிலிருந்து கடைசிவரை படித்து அதில் எழுத வேண்டும். நொடிக்கு 150 மெகாபைட் வேகம் என்றாலும் 4 டெராபைட்டுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் முழுச்சுமை தாங்கப்போவது எது? கெட்டுப்போன டிஸ்க்குடன் ஒரே நாளில் வாங்கி, அதே வெயிலையும் தூசியையும் ஆறு ஆண்டுகள் அனுபவித்த இரட்டைப் பிறவி. அண்ணனுக்கு வந்தது தம்பிக்கு வர எத்தனை நாளாகும்?

ஆகவே எதையும் கழற்றாமல், வெளியே இணைக்கும் டிஸ்க் ஒன்று வாங்கி, முதலில் பிரதி எடுத்தேன். அதிலும் ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். பாட்டியின் குரல், தாத்தாவின் கடிதங்கள், பிறகு புகைப்படங்கள், பிறகு அக்காவின் 1991 கல்யாண வீடியோ. திரும்பக் கிடைக்கக்கூடிய சினிமாவும் பாட்டும் கடைசியில். முடிந்ததும் ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் சில கோப்புகளைத் திறந்து பார்த்தோம். "கும்பகோணம் டிகிரி காப்பி கணக்கா ஒரு தடவை வடிகட்டினாப் போதாதா?" என்று என் மனைவி கேலி செய்தாள்.

பிறகுதான் மாற்றும் வேலை. எந்த டிஸ்க் பழுது என்பதை அதன் வரிசை எண்ணைக் கொண்டு உறுதி செய்துகொண்டேன். அவசரத்தில் நல்ல டிஸ்க்கை உருவிவிடுவது பலருக்கும் நேரும் விபத்து. பெட்டியை யு.பி.எஸ்.ஸில் இணைத்தேன். கடையில் 'சி.எம்.ஆர்.' வகை டிஸ்க் என்று கேட்டு வாங்கினேன். 'எஸ்.எம்.ஆர்.' வகையில் தடங்கள் ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். தொடர்ந்து எழுதும்போது மிகவும் மந்தமாகிவிடும்.

மறு நகல் எடுக்க 11 மணி நேரம் ஆயிற்று. பாதிக்குமேல் போனபின், நான் பயந்தபடியே, இரண்டாவது டிஸ்க்கும் ஓரிடத்தில் படிக்க முடியவில்லை என்று அறிவித்தது. வேலை நிற்காமல் முடிந்தது. ஆனால் கல்யாண வீடியோவைத் திறந்தபோது, நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே படம் உறைந்து நின்றது. காலமான என் அப்பா நடமாடுவதைக் காட்டும் படம் எங்களிடம் அது ஒன்றுதான். மூல ஒளிநாடாவோ பூஞ்சை பிடித்து எப்போதோ போய்விட்டது. வெளி டிஸ்க்கில் எடுத்திருந்த பிரதியைத் திறந்தோம். அப்பா பந்தலில் எல்லோரையும் சாப்பிட அழைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கோப்பைத் திரும்பப் பெட்டியில் ஏற்றினேன். அடுத்த வாரமே இரண்டாவது டிஸ்க்கையும் மாற்றிவிட்டேன்.

இரண்டு டிஸ்க் இருப்பது இரண்டு பிரதி இருப்பதாகாது. பெட்டியில் ஒரு கோப்பைத் தெரியாமல் அழித்தால் இரண்டிலும் அழியும். வைரஸ் புகுந்தாலும், மின்னழுத்தம் எகிறினாலும், திருடன் தூக்கிச் சென்றாலும் இரண்டும் சேர்ந்தே போகும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்றாவது வேறு ஊரில் என்பது துறை அறிந்தவர்கள் சொல்லும் கணக்கு. வேறு ஊருக்கு நமக்கா பஞ்சம்? வருடத்துக்கு ஒரு முறை தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகும்போது ஒரு டிஸ்க்கைக் கொண்டுபோய் அண்ணன் வீட்டில் வைக்கிறேன். அங்கிருக்கும் பழையதை எடுத்து வந்து புதுப்பிக்கிறேன். உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887-ல் அச்சிட்டதும் பல ஊர்ச் சுவடிகளை ஒப்பிட்டுப் பார்த்துத்தானே? ஒரு சுவடியில் சிதைந்தது இன்னொரு சுவடியில் கிடைத்தது.

வேறு சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். டிஸ்க் 'டக், டக்' என்று சத்தமிட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். பிரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்ற பேச்சை நம்பாதீர்கள். ஈரம் கோத்து இருப்பதும் போகும். மூடியைத் திறக்காதீர்கள். பிரதி இல்லாத டிஸ்க்கில் பழுது நீக்கும் மென்பொருளை ஓட்டாதீர்கள். சத்தமில்லாமல் செக்டார் மட்டும் கெட்டிருந்தால், 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச மென்பொருள் படிக்கக்கூடியதை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களைக் கடைசியில் முயலும். கழற்றிய டிஸ்க்கை அப்படியே கபாடிவாலாவிடம் போடாதீர்கள். அதில் உங்கள் ஆதாரும் வங்கிக் கணக்கும் இருக்கலாம். முழுவதும் அழியுங்கள்; முடியாவிட்டால் துளையிட்டுவிட்டு மின்னணுக் கழிவில் சேருங்கள்.

வரும் ஞாயிறு ஒரு மணி நேரம் ஒதுக்கி, உங்கள் வீட்டில் எது எங்கே எத்தனை பிரதியாக இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒரே பிரதியாக இருப்பவற்றுக்கு அன்றே இன்னொன்று எடுங்கள். சந்தேகம் ஏதும் இருந்தால் நம் சங்கத்தின் மாதக் கூட்டத்துக்கு டிஸ்க்கையும் கொண்டு வாருங்கள். காப்பி இடைவேளையில் சேர்ந்து பார்ப்போம்.