மறதியா? மனச்சோர்வா?



நம்ம குழுக் கூட்டங்களில் சில சமயம் காதில் விழுகிற பேச்சு இது: "எனக்கு ஒண்ணுமே ஞாபகம் நிக்கலைங்க. நோட்டு எழுதுற வேலையை வேற யாருக்காவது குடுத்துடுங்க." பல வருடமாக ஒரு ரூபாய் பிசகாமல் கணக்கு எழுதியவர் இப்படிச் சொன்னால், உடனே ஆளை மாற்றித் தீர்மானம் போட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "மனசு எப்படிக்கா இருக்கு?" என்று கேளுங்கள்.

ஒரு விஷயம் ஞாபகத்தில் நிற்க, முதலில் அதைக் கவனிக்க வேண்டும். மனச்சோர்வில் கவலையும் தூக்கமின்மையும் அந்தக் கவனத்தைத் தின்றுவிடும். சந்தா வாங்கும்போது மனசு வேறெங்கோ இருந்தால், யார் கட்டினார்கள் என்பதே பதியாது. வங்கியில் போடாத பணத்தை எடுக்க முடியுமா? அது போலத்தான்.

இன்னொன்று. மனச்சோர்வு உள்ளவர்களுக்கு ஞாபகசக்திப் பரிசோதனை செய்தால், பலருக்கு அவர்கள் பயப்படும் அளவுக்குக் குறை இருப்பதில்லை. சோர்ந்த மனசு செலவை மட்டும் எழுதி, வரவை விட்டுவிடும். சரியாகச் செய்த பத்து வேலை கணக்கில் வராது. பால் பொங்கி வழிந்தது மட்டும் நிற்கும். "நான் எதுக்கும் லாயக்கில்லை" என்று தோன்றும்.

அதற்காக, "எல்லாம் உன் நினைப்புதான்" என்று தள்ளிவிடவும் கூடாது. சிலருக்கு உண்மையிலேயே ஞாபகம் குறைந்திருக்கும். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 சத்துக் குறைவு இருந்தாலும் சோர்வும் மறதியும் வரலாம். வயதானவர்கள் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலோ, பழகின வழியிலேயே தடுமாறினாலோ, அது மறதி நோயாகவும் இருக்கலாம். டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

எப்போது போக வேண்டும்?

மனபாரம், எதிலும் விருப்பமின்மை, தூக்கம் கெடுதல், பசியின்மை இவை 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 2022-ல் தொடங்கிய டெலி மனாஸ் எண் 14416-க்கு இலவசமாக எந்த நேரமும் பேசலாம். சாக வேண்டும் என்று யாராவது சொன்னால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அவரைத் தனியாகவும் விடாதீர்கள்.

மாத்திரை கொடுத்தால் பலன் தெரியச் சில வாரம் ஆகும். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. சோர்வு குறையக் குறைய, பலருக்கு ஞாபகமும் தேறிவரும். சிலருக்கு அது கொஞ்சம் தாமதமாகும்.

குழுவில் என்ன செய்யலாம்?

* ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் கொடுங்கள்.
* பணம் வாங்கிய கையோடு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.
* தப்பு வந்தால் கூட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள்.

நோட்டை அவர் கையிலிருந்து பிடுங்க வேண்டாம். கூட ஒருத்தர் உட்கார்ந்து கூட்டல் சரிபார்த்தால் போதும். நாலு வாரம் கணக்கு சரியாக வந்தால், "பாருங்கக்கா, நீங்க எழுதினதுதான்" என்று அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள்.