ஆங்கிலம் நமக்கும் வரும்

தோழிகளே, 1886-ல் திருக்குறளை ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி.யு. போப், 19 வயதில் தமிழ்நாட்டுக்கு வந்தவர். நம்ம ஊட்டியிலும் இருந்தார். அவருக்குத் தமிழ் வந்ததே, நமக்கு ஆங்கிலம் வராதா?

எங்க வீட்டில் படுக மொழிதான். தமிழ் எனக்குப் பேசிப் பேசியே வந்தது. ஆங்கிலத்தை மட்டும் 10 தடவை எழுதுறோம், வாயே திறப்பதில்லை!

நான் காலண்டர் தாளின் பின்னால் 5 வார்த்தை எழுதி, அர்த்தம் உள்ள பக்கத்தை மடித்துவிட்டுச் சொல்லிப் பார்ப்பேன். தவறியதை மறுநாள் தாளிலும் எழுதுவேன். பிறகு தேயிலைத் தோட்டத்தில் சத்தமாக ஒரு வாக்கியம். அங்கே யாரும் சிரிக்க மாட்டாங்க.

வகுப்பில் ‘நைஃப்’ என்பதை ‘க்னைஃப்’ என்று வாசித்துவிட்டு அழுதிருக்கிறேன். முதல் எழுத்துக்குச் சத்தமே இல்லையாம்! அதனால் உச்சரிப்பை முதலிலேயே டீச்சரிடம் கேட்டு, பக்கத்தில் தமிழில் குறித்துக்கொள்ளுங்கள்.