நாலு பேர் பேச்சும் நம் தட்டும்

கல்யாண வீட்டில் பந்திக்கு இலை போடும் முன்பே அது தொடங்கிவிடும். "என்னடி, நல்லா ஊதிட்டே?" என்று ஒரு பெரியம்மா கேட்பார். "அவளைப் பாரு, சிக்குன்னு எப்படி வெச்சிருக்கா உடம்பை" என்று பக்கத்திலிருந்து இன்னொரு குரல் வரும். சொன்னவர்கள் சாம்பார் வருவதற்குள் மறந்துவிடுவார்கள். கேட்டுக்கொண்ட பன்னிரண்டு வயதுப் பெண் வயிற்றை எக்கிக்கொண்டு, இரண்டாவது முறை வந்த பாயாசத்தைக் கையைக் காட்டி மறுப்பாள்.

இந்தப் பேச்சுக்கு ஆய்வாளர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: 'ஃபேட் டாக்'. அமெரிக்கப் பள்ளி மாணவிகளின் அரட்டையைக் கவனித்த மானுடவியலாளர்கள் மிமி நிக்டரும் நான்சி வுக்கோவிச்சும் 1994-ல் இதைப் பதிவு செய்தார்கள். "ஐயோ, நான் குண்டாகிட்டேன்" என்று ஒருத்தி சொல்ல வேண்டும்; "சேச்சே, நீயா?" என்று மற்றவள் மறுக்க வேண்டும். கிட்டத்தட்ட ஒரு சடங்கு.

ஃபிஜியில் டிவி வந்தபோது

தன் உடம்பைத் தானே வெறுப்பது பிறவிக் குணம் அல்ல. ஃபிஜித் தீவின் நத்ரோகா பகுதியில் மரபுப்படி பூசினாற்போல இருப்பதே அழகு. ஒருத்தி இளைத்துவிட்டால் வீட்டில் அவளைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று பொருள். நம் பாட்டிமார்களின் கணக்கும் இதுதானே? அங்கே 1995-ல் தொலைக்காட்சி வந்தது. வந்த சில வாரங்களிலும், மறுபடி 1998-லும் ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர் பள்ளி மாணவிகளிடம் பேசினார். எடை குறைக்க வேண்டுமென்றே வாந்தி எடுப்பதாக முதல்முறை ஒருவரும் சொல்லவில்லை. மூன்றே ஆண்டில் 11.3 சதவீதம் பேர் சொன்னார்கள்.

பட்டினி செய்யும் வேலை

'வாயைக் கட்டத் தெரியவில்லை' என்பது நாம் சுலபமாகச் சொல்லும் குற்றச்சாட்டு. அதற்கு 1944-ல் தொடங்கிய ஒரு சோதனையிலேயே பதில் கிடைத்துவிட்டது. போரில் பட்டினி கிடந்த ஐரோப்பியர்களை எப்படி மீட்பது என்று அறிய, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 ஆண்களைத் தேர்ந்தெடுத்தார். எல்லாரும் ஆரோக்கியமானவர்கள், மனத்திடம் மிக்கவர்கள், விரும்பி வந்தவர்கள். ஆறு மாதம் அவர்களுக்குக் கிடைத்தது நாளுக்குச் சுமார் 1,570 கலோரி: உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி. இன்று வாட்ஸ்அப்பில் சுற்றும் 'டயட் சார்ட்'கள் பலவற்றில் இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

உடல் எடையில் கால்வாசி போனது. அதைவிட விசித்திரம் மனத்தில் நடந்தது. அதுவரை சமையலறைப் பக்கமே போகாதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்து, படுக்கையில் வைத்துப் படித்தார்கள். ஒரு தட்டுச் சாப்பாட்டை மணிக்கணக்கில் அளைந்து, கடைசியில் தட்டை நக்கினார்கள். தாங்கள் எலும்பும் தோலுமாக இருக்கையில், மற்றவர்கள்தான் அளவுக்கு மீறிப் பருத்திருப்பதாகச் சிலருக்குத் தோன்றியது. சோதனை முடிந்தபிறகு வயிறு முட்டத் தின்றும் பசி அடங்கவில்லை. டயட் இருந்து, தாங்க முடியாமல் ராத்திரியில் பிஸ்கட் பாக்கெட்டைக் காலி செய்து, மறுநாள் கூனிக்குறுகும் பெண்ணிடம் குறைவது மனவுறுதி அல்ல. பட்டினி போட்ட உடம்பு தன் வேலையைச் செய்கிறது.

வட்டமாகப் போட்ட நாற்காலிகள்

ஆனால் அவள் அதை யாரிடமும் சொல்வதில்லை. ஒளித்துத் தின்பதும் ஒளித்து வாந்தியெடுப்பதும் வெட்கத்தில் ஊறிய காரியங்கள். பூட்டிய கதவை முதலில் திறந்தவை குழுக்கள். குடிநோயாளிகளின் சங்கத்தைப் பார்த்து 1960-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் 'ஓவர்ஈட்டர்ஸ் அனானிமஸ்' தொடங்கியது. பத்தாண்டு கழித்து நியூயார்க்கில் பெண்கள் கூடிய ஒரு குழு நேர் எதிர்த் திசையில் போனது: டயட்டையே விட்டுவிடுவோம், பசித்தால் சாப்பிடுவோம், பசியில்லாதபோது எதற்காகச் சாப்பிடுகிறோம் என்று பேசுவோம். அதில் உட்கார்ந்திருந்த சூசி ஆர்பாக் பிறகு லண்டனில் பெண்களுக்கான உளசிகிச்சை மையத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1978-ல் அவர் இதைப் பற்றி எழுதிய புத்தகம் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. எந்த உணவைத் தொடக்கூடாது என்பதில் இரு தரப்புக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. 'எனக்கு மட்டும்தான் இப்படி' என்ற எண்ணம் முதல் கூட்டத்திலேயே உடைவதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை.

எதிர்க்கட்சி வக்கீலாக

இப்படிப்பட்ட குழு முயற்சிகளில் நன்றாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது உளவியலாளர் எரிக் ஸ்டைஸ் உருவாக்கிய 'பாடி ப்ராஜெக்ட்'. ஒரு மணி நேரக் கூட்டங்கள் மூன்றோ நான்கோ, அவ்வளவுதான். அறிவுரையே கிடையாது. 'அழகான பெண் எப்படி இருக்க வேண்டும் என்கிறார்கள்?' என்று கேட்டு, வருவதையெல்லாம் பலகையில் எழுதுவார்கள். மெலிந்த இடை, ஆனால் எடுப்பான மார்பு, மாசற்ற தோல். பட்டியல் நீள நீள, இப்படி ஒரு மனுஷி உலகத்தில் உண்டா என்று பெண்களே சிரித்துவிடுவார்கள். அடுத்த கேள்வி: இதனால் காசு பார்ப்பது யார்?

வீட்டில் கண்ணாடி முன் நின்று தன்னிடம் பிடித்ததை எழுதி வர வேண்டும். பலருக்கும் கையே ஓடாத பயிற்சி இதுதான். 'என் கால்கள் என்னை மலை ஏற்றியவை' என்று எழுதினாலும் போதும். தன்னைவிடச் சிறிய பெண்ணுக்கு, இந்த அழகைத் துரத்தி ஓடுவதால் என்னென்ன இழப்பாய் என்று கடிதம் எழுத வேண்டும். குழுவை நடத்துபவர் டயட் பைத்தியமாக நடிக்க, மற்றவர்கள் அவரை வாதாடி மாற்ற வேண்டும்.

சூட்சுமம் இங்கேதான். தான் நம்பியதற்கு எதிராக, யாரும் கட்டாயப்படுத்தாமல், நாலு பேர் முன்னால் ஒருத்தி வாதாடினால், மனம் அந்த முரணைத் தாங்காது. நம்பிக்கையே மெல்ல இடம் மாறும். லியோன் ஃபெஸ்டிங்கர் 1957-ல் சொன்ன கோட்பாடு இது. 481 மாணவிகளிடம் நடந்த ஆய்வில், பங்கேற்றவர்களுக்கு மூன்றாண்டுகளில் உணவுக் கோளாறு தோன்றும் அபாயம், எந்தப் பயிற்சியும் பெறாதவர்களைவிட 60 சதவீதம் குறைந்தது. டெக்சாஸின் டிரினிட்டி பல்கலைக்கழகத்தில் கரோலின் பெக்கர், சக மாணவிகளே பயிற்சி பெற்று இதை நடத்த முடியும் என்று காட்டினார்.

இந்த வழியில் பிறந்த 'ஃப்ரீ பீயிங் மீ' பாடத்தை உலகச் சாரணியர் சங்கம் டவ் நிறுவனத்தோடு சேர்ந்து 2013-ல் பரப்பத் தொடங்கியது. நல்ல காரியம்தான். அந்த டவ்வின் தாய்க் கம்பெனி யூனிலீவர்தான் நம் ஊரில் 'ஃபேர் அண்ட் லவ்லி'யையும் விற்றுவந்தது, 2020-ல் பெயரை மட்டும் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆக்கியது என்பதையும் மறக்க வேண்டாம்.

குழு போதாத இடம்

எந்தக் குழுவும் மருத்துவருக்கு மாற்று அல்ல. அடிக்கடி வாந்தி எடுத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத்துடிப்பு தடுமாறும். மாதவிலக்கு நின்றாலோ, மயக்கம் வந்தாலோ, எடை விறுவிறுவென்று இறங்கினாலோ முதலில் போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு. பேசுவதற்கு ஆள் வேண்டும் என்றால் அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416, கட்டணம் இல்லை.

குழுவிலும் ஒரு கண் வேண்டும். மேற்பார்வை இல்லாவிட்டால் 'நீ எத்தனை கிலோ?' என்ற போட்டி முளைத்து, பட்டினி உத்திகள் கைமாறும். அதனால் ஒழுங்காக நடக்கும் குழுக்களில் எடை, கலோரி, துணியின் சைஸ் என்று எந்த எண்ணையும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது வழக்கம்.

பாடி ப்ராஜெக்டில் இன்னொரு வீட்டுப்பாடமும் உண்டு. அமெரிக்கக் கல்லூரி விடுதிகளில் அதைச் செய்தவர்கள் கழிப்பறைக் கண்ணாடிகளில் சின்னச் சின்ன மஞ்சள் காகிதங்களை ஒட்டிவிட்டுப் போனார்கள். காலையில் பல் துலக்க வந்து நிற்பவள் தன் முகத்துக்குப் பக்கத்தில் முதலில் படிப்பது, 'நீ இப்படியே நன்றாகத்தான் இருக்கிறாய்.'