அடங்கிப்போன பல்லுக்கொதி

ஜனவரி மாதம், இரவு இரண்டு மணி. மொன்றியலின் வில்லரே பகுதியில் ஒரு மூன்றாம் மாடி வீடு. கீழ்க் கடைவாய்ப் பல் பக்கத்துக் கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஒருவர் பல்கனிக் கதவைத் திறக்கிறார். வெளியே மைனஸ் இருபது. வாயைத் திறந்து குளிர்காற்றை உள்ளே இழுக்கிறார். பல் அடங்குகிறது. இரண்டு நிமிடத்தில் திரும்பவும் துடிக்கிறது. திரும்பவும் ஒரு வாய்க் காற்று. விடியும்வரை இதே வேலை. நான்காம் நாள் கொதி தானாகவே நின்றுவிடுகிறது. "கிராம்பு வைச்சன், சுகமாப் போச்சு" என்று வேலையிடத்தில் சொல்லிச் சிரிக்கிறார்.

இது குறிப்பிட்ட ஒருவரின் கதை அல்ல. ஆனால் இந்த வரிசை பல் மருத்துவர்களுக்கு நன்றாகப் பழக்கமானது. அந்தப் பல் சுகமாகவில்லை. உள்ளே இருந்த நரம்பு செத்துவிட்டது. வலியை உணர ஒன்றும் மிஞ்சாததால்தான் வலி நின்றது. கிருமி அங்கேயேதான் இருக்கிறது.

பல்லுக்குள் ஓர் உயிர்

வெளியே தெரியும் வெள்ளை ஓடு எனாமல். அதற்கு உள்ளே சற்று மஞ்சளான டென்டின். நடுவில் ஒரு சிறிய அறை. அந்த அறையிலிருந்து வேர்நுனி வரை மெல்லிய கால்வாய்கள். இவற்றை நிறைத்திருக்கும் மிருதுவான சதைதான் பற்கூழ். நரம்பும் இரத்தக் குழாயும் இதற்குள்தான் ஓடுகின்றன. "நரம்பு எடுக்கிறது" என்று நம்மவர்கள் சொல்வது இந்தக் கூழை எடுப்பதைத்தான்.

கையில் அடிபட்டால் வீங்குகிறது, வீங்க இடமிருக்கிறது. பற்கூழுக்கு அந்த வசதி இல்லை. நாலு பக்கமும் கல்லுப் போன்ற சுவர். சூத்தை ஆழமாகிக் கிருமி கூழைத் தொட்டதும் அது வீங்கப் பார்க்கிறது. இடமில்லாததால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. படுத்தால் தலைக்கு இரத்தம் கூடுதலாக வருவதால் அழுத்தம் இன்னும் கூடும். பகலில் முணுமுணுத்த பல் இரவில் இடிப்பது இதனால்தான்.

குளிர், சூடு, அமைதி

பல் கெடும் பாதையைப் பெரும்பாலும் மூன்று கட்டமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் கட்டத்தில் குளிர் கூசும். ஐஸ்கிறீம் பட்டாலோ, ஜாரி மெட்ரோ வாசலில் பேசும்போது காற்றுப் பட்டாலோ சுரீர் என்று ஒரு மின்னல். சில நொடியில் போய்விடும். இந்தக் கட்டத்தில் கூழ் இன்னும் மீளக்கூடியது. சூத்தையைச் சுரண்டி அடைத்தாலே பல பற்கள் தப்பிவிடும்.

இரண்டாம் கட்டத்தில் சூடு சுடும். தேத்தண்ணீர் பட்டால் வலி பிடித்துக்கொள்ளும். கோப்பையை வைத்த பிறகும் நிமிடக்கணக்கில் நிற்கும். காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் ஏறும். எந்தப் பல் என்றே சொல்லத் தெரியாது. சிலருக்குக் குளிர்தான் இப்போது ஆறுதல். பல்கனியில் நின்றவரின் நிலை இது. இனிப் பெரும்பாலும் கூழ் மீளாது.

மூன்றாம் கட்டம் அமைதி. கூழ் செத்துவிட்டது. வெறுமையான கால்வாயில் கிருமிகள் பெருகி, வேர்நுனித் துளை வழியே தாடை எலும்புக்குள் இறங்குகின்றன. எலும்பு கரையத் தொடங்குகிறது. எக்ஸ்ரேயில் வேரடியில் ஒரு கறுப்பு நிழல் தெரியும். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில்கூட வலியே இராது. முரசில் ஒரு சிறு பரு தோன்றி, உடைந்து, உப்புக் கரித்து, மறைந்து, மறுபடி வரலாம். அது வாய்ப்புண் அல்ல. உள்ளே தேங்கும் சீழ் தேடிக்கொண்ட வாசல். பிறகு ஒரு நாள், உடல் தளர்ந்த நேரம் பார்த்து, கன்னம் வீங்கும்.

ஊரிலிருந்து வந்த குளிசை

நம் வீட்டு அலுமாரிகளில் கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்த அமொக்சிசிலின் அட்டை ஒன்று கிடக்கும். பல் வலித்தால் கை முதலில் அதைத்தான் தேடும்.

ஆனால் கூழ் செத்த பல்லுக்குள் இரத்த ஓட்டம் இல்லை. விழுங்கிய குளிசை இரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும். பாதையே இல்லாத இடத்துக்கு அது எப்படிப் போகும்? வேரைச் சுற்றிய வீக்கத்தைத் தணிக்கலாம், ஊற்றை அடைக்காது. உடல்நலம் சாதாரணமாக உள்ள பெரியவர்களுக்குக் காய்ச்சலோ பரவும் வீக்கமோ இல்லாத பல்வலிக்கு அன்ரிபயோட்டிக் வேண்டாம் என்றுதான் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டல் பெரும்பாலும் சொல்கிறது. பல்லையே திறந்து சுத்தம் செய்வதுதான் மருத்துவம்.

சந்திப்பு நாள் வரும்வரை வலியைத் தாங்க ஐபுபுரோஃபெனும் டைலனோலும் பெரும்பாலோருக்கு உதவும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இரத்தம் இளக்கும் மருந்து, கர்ப்பம் இருந்தால் ஐபுபுரோஃபெனைத் தொடுமுன் மருந்தாளரைக் கேளுங்கள். அஸ்பிரின் குளிசையை முரசில் வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது சதையைச் சுட்டுப் புண்ணாக்கும். கிராம்பு எண்ணெய் சிறிது மரக்கச் செய்யும், அவ்வளவுதான்.

நாற்காலியில் நடப்பது

பல்லைத் திறந்து சுத்தம் செய்யும் இந்த வேர்சிகிச்சையைக் கியூபெக்கில் 'ட்ரெத்மோன் து கனால்' என்பார்கள். நாம் 'ரூட் கனால்' என்போம். இதற்கென்றே மேற்படிப்புப் படித்த நிபுணர் 'ஆந்தோதோந்திஸ்த்'. பல வேர்சிகிச்சைகளைப் பொதுப் பல் மருத்துவரே செய்வார். கால்வாய் வளைந்திருந்தாலோ, முன்பு செய்த சிகிச்சை தவறியிருந்தாலோ நிபுணரிடம் அனுப்புவார்.

முதலில் குளிர் வைத்துப் பார்ப்பார், கருவியின் பிடியால் பல்லைத் தட்டிப் பார்ப்பார், எக்ஸ்ரே எடுப்பார். பிறகு விறைப்பூசி. விறைத்ததும் பல்லைச் சுற்றி ஒரு றப்பர் தாள் விரிக்கப்படும். ஒரு பல் மட்டும் அதன் துளையால் எட்டிப் பார்க்கும். நியூயோர்க் பல் மருத்துவர் சான்ஃபோர்ட் பார்னம் 1864இல் கொண்டுவந்த உபாயம் இது. எச்சிலும் அதிலுள்ள கிருமியும் பல்லுக்குள் போகாது. கருவியோ மருந்தோ தொண்டைக்குள் விழாது.

பல்லின் மேற்பகுதியில் சிறு துளையிட்டு அறையைத் திறப்பார். முன்பல்லில் பெரும்பாலும் ஒரே கால்வாய். கடைவாய்ப் பல்லில் மூன்று, சிலவற்றில் நான்கு. அந்த நான்காவது கண்ணுக்குத் தப்பினால் சிகிச்சை பின்னாளில் தோற்கக்கூடும். தலைமயிர் போன்ற அரங்கள் ஒவ்வொன்றாக உள்ளே இறங்கும். வேர்நுனி நெருங்கியதும் ஒரு சிறு கருவி 'பீப்' என்று சொல்லும். இடையிடையே சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவுவார்கள். மூக்கில் லோண்ட்றி வாசம் அடித்தால் திகைக்க வேண்டாம்; துணி வெளுக்கும் ஜாவெல் தண்ணீரில் உள்ள அதே இரசாயனம்தான். கிருமியைக் கொன்று, அரம் எட்டாத மூலைகளில் ஒட்டிய செத்த சதையையும் அது கரைக்கும். றப்பர் தாளின் காவலோடு மருத்துவர் செய்யும் வேலை அது. வீட்டில் அதைக் கொண்டு வாய் கொப்பளிக்கக் கூடாது.

கழுவி உலர்த்திய கால்வாயை நிரப்புவது கட்டாபெர்ச்சா என்னும் இளஞ்சிவப்புக் குச்சிகள். மலாயாக் காட்டு மரத்தின் பாலில் இருந்து வந்த பொருள். 1858இல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட முதல் தந்திக் கம்பிக்கு உறையாக இருந்ததும் இதுதான். உப்புநீரை உள்ளே விடாத அதே குணம் பல்லுக்கும் பயன்படுகிறது.

வேலை ஒரே அமர்வில் முடியலாம்; சீழ் கூடியிருந்தால் இரண்டு அமர்வு. விறைப்பு இறங்கிய பின் சில நாள் கடிக்கும்போது நோகும், பிறகு அடங்கும்.

கிரௌன் போடும்வரை வேலை முடியவில்லை

வேர்சிகிச்சை முடிந்து வலி போனதும் பலர் திரும்பிப் போவதில்லை. தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் இருந்துவிடுவார்கள். அந்த அடைப்புக் கசிந்தால் கிருமி திரும்பவும் உள்ளே வரும். சூத்தையும் துளையும் தின்ற பல்லில் மிச்சமிருப்பது மெல்லிய சுவர். கடைவாய்ப் பல் அந்தச் சுவரோடு முறுக்கைக் கடித்தால் நெடுக்காகப் பிளக்கும். வேர்வரை பிளந்த பல்லைக் கழற்றுவதைத் தவிர வழியில்லை. ஆகவே கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் 'கூரோன்', அதாவது கிரௌன் தேவைப்படும். நன்றாகச் செய்து நன்றாக மூடிய பற்களில் மிகப் பெரும்பாலானவை பல ஆண்டுகள் நிலைக்கின்றன.

ஒரு பழைய பயம்

"வேர்சிகிச்சை செய்த பல் உடம்பெல்லாம் நஞ்சைப் பரப்பும்" என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு காணொளி வரும். அதன் வேர் 1920களில் இருக்கிறது. ஒன்ராறியோவில் பிறந்து அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் தொழில் செய்த பல் மருத்துவர் வெஸ்டன் பிரைஸ், இத்தகைய பற்களை முயல்களில் வைத்துப் பரிசோதித்து இந்த முடிவுக்கு வந்தார். அவர் முறையில் கட்டுப்பாடு போதாது. பின்வந்த ஆய்வுகள் அந்த முடிவை உறுதிப்படுத்தவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் அதை நம்பி எண்ணற்ற பற்கள் வீணாகப் பிடுங்கப்பட்டன. கிருமியோடு விட்டுவைத்த பல்தான் உடம்புக்குக் கேடு. சுத்தம் செய்து மூடிய பல் அல்ல.

கழற்றுவதா, காப்பதா

"புடுங்கி எறிஞ்சா ஒரு தொல்லை போச்சு." அன்றைய நாளுக்கு அது மலிவுதான். ஆனால் இடைவெளி விழுந்ததும் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் இறங்கும், மற்றப் பக்கத்துக்கு மெல்லும் சுமை ஏறும். அந்த இடத்தை நிரப்ப இம்பிளான்ட் வைப்பது வேர்சிகிச்சையைவிடச் செலவு கூடியதாகவே பெரும்பாலும் முடியும்.

எல்லாப் பல்லையும் காக்க முடியாது என்பதும் உண்மை. வேர் பிளந்த பல், முரசு நோயால் ஆடும் பல், கிரௌன் பிடிக்க இடமில்லாத பல் ஆகியவற்றைக் கழற்றத்தான் வேண்டும். மாறாக, எலும்புத் தேய்வுக்குச் சில வகை ஊசியோ குளிசையோ எடுப்பவர்களும், தாடையில் கதிர்வீச்சு பெற்றவர்களும் பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. அவர்களுக்கு வேர்சிகிச்சை பெரும்பாலும் பாதுகாப்பான வழி. இம்மருந்துகளையும் நீரிழிவையும் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் வேரடிப் புண் மெதுவாகவே ஆறும்.

காசுக்கு என்ன வழி?

வில்லரேவாசிகள் பல் மருத்துவரைத் தள்ளிப்போடுவதற்குப் பயத்தைவிடப் பெரிய காரணம் காசு. சூரியன் படம் போட்ட கியூபெக் மருத்துவ அட்டை பெரும்பாலான பெரியவர்களின் வழக்கமான பல் சிகிச்சைக்குப் பணம் தராது. ஆனால் பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பரிசோதனை, அடைப்பு, வேர்சிகிச்சை, பல் பிடுங்குதல் ஆகியவற்றை அது ஏற்கிறது. பாற்பல்தானே, விழுந்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள்.

பெரியவர்களுக்குப் புதிதாகத் திறந்த கதவு கனடியப் பல் பராமரிப்புத் திட்டம். 2024 மே மாதம் மூத்தோரிடமிருந்து தொடங்கி, 2025இல் 18 முதல் 64 வயதினருக்கும் விரிந்தது. வேலையிடத்தாலோ வேறு வழியாலோ பல் காப்புறுதி கிடைக்காதவர்களாகவும், குடும்பத்தின் சரிசெய்த நிகர வருமானம் 90,000 டொலருக்குக் குறைவாகவும் இருக்க வேண்டும். 70,000க்குக் கீழென்றால் திட்டத்தின் கட்டண அட்டவணைப்படி முழுத்தொகை. அதற்கு மேல் 40 அல்லது 60 சதவீதம் உங்கள் பங்கு. கணவன், மனைவி இருவருமே மத்திய அரசின் வரிப் பத்திரத்தைத் தாக்கல் செய்திருக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

நாற்காலியில் அமருமுன் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்தத் திட்டத்தை ஏற்கிறீர்களா? திட்டம் தருவதற்கு மேல் நான் எவ்வளவு கட்ட வேண்டும்? கிரௌனுக்கு முன்அனுமதி கேட்டாயிற்றா? கிரௌனுக்கு முன்அனுமதி இல்லாமல் திட்டம் பணம் தராது. திட்டத்துக்குள் வராதவர்கள் மக்கில், மொன்றியல் பல்கலைக்கழகங்களின் பல் மருத்துவ மாணவர் கிளினிக்குகளை அணுகலாம். பேராசிரியர் மேற்பார்வையில் நடப்பதால் நேரம் கூடுதலாகும், கட்டணம் குறைவு. கையிலிருந்து கட்டிய பணத்துக்கு ரசீதை வைத்திருங்கள். வரிப் பத்திரத்தில் மருத்துவச் செலவாகக் காட்டலாம்.

இரவென்றாலும் ஓட வேண்டிய அறிகுறிகள்

வீக்கம் தாடைக்கடியிலோ கழுத்திலோ பரவினால், வாய் திறக்க முடியாவிட்டால், எச்சிலை விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமென்றால், நாக்கு மேலே தள்ளப்பட்டால், கண் மூடும் அளவுக்குக் கன்னம் வீங்கினால், நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் பல் கிளினிக்கின் சந்திப்புக்குக் காத்திருக்காதீர்கள். மருத்துவமனை அவசரப் பிரிவு, அல்லது 911. நாக்கடி வீக்கம் மூச்சுக்குழாயை அடைத்து உயிரையே எடுக்கக்கூடும். வீக்கம் இல்லாத வலிக்கு மட்டும் அவசரப் பிரிவு போனால், பெரும்பாலும் வலிக்குளிசையோடு அனுப்புவார்கள். அங்கே வேர்சிகிச்சை செய்வதில்லை. சந்தேகமென்றால் 811ஐ அழைத்துத் தாதியிடம் கேட்கலாம்.

வேர்வரை விடாதிருக்க

மொன்றியல் நகரக் குடிநீரில் ஃபுளோரைட் சேர்ப்பதில்லை. தீவின் மேற்கில் சில ஊர்களுக்குச் சேர்த்து வந்ததையும் நிறுத்துவதென 2024இல் தீர்மானித்தார்கள். ஆகவே பற்பசையில் ஃபுளோரைட் இருக்கிறதா என்று பாருங்கள். இரவு துலக்கிய பின் துப்புங்கள். நிறையத் தண்ணீர்விட்டுக் கொப்பளித்து அதைக் கழுவிவிடாதீர்கள். சீனி எவ்வளவு என்பதைப் போலவே எத்தனை தடவை என்பதும் முக்கியம். வேலைநேரம் முழுக்கச் சீனித் தேத்தண்ணீரை வாய்வாயாக உறிஞ்சுவது பல்லை நாள் முழுக்க அமிலத்தில் ஊறவிடுவதற்குச் சமம்.

பல்கனியில் நின்றவரிடம் திரும்புவோம். வலி நின்ற நாளில் அவர் சிரித்தார் அல்லவா? தொலைபேசியை எடுக்க வேண்டிய நாள் அதுதான். துடித்துக்கொண்டிருக்கும் கீழ்க் கடைவாய்ப் பல் விறைப்பூசிக்குக்கூட எளிதில் மசியாது. அடங்கிய பல் பெரும்பாலும் நன்றாக விறைக்கும். வீக்கம் வருமுன் போனால் மருத்துவருக்கும் வேலை இலகு, உங்களுக்கும் நோவு குறைவு. வலிக்காத பல்லுக்கு ஏன் காசு செலவழிப்பது என்று மனம் கேட்கும். நான்கு நாள் முன்பு அதே பல்லுக்காக மைனஸ் இருபதில் வாயைத் திறந்து நின்றதை அதற்கு நினைவுபடுத்துங்கள்.