நாட்டுத் துப்பாக்கிக்கு மலிவான 'கேப்பு' எது? வாங்குறதுக்கு முன்னாடி தருமபுரி விவசாயிகள் தெரிஞ்சுக்க வேண்டியது

பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கம் காட்டை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நிலக்கடலை காய் பிடிக்கும்போதும், மரவள்ளிக் கிழங்கு பருக்கும்போதும், ராகி கதிர் முற்றும்போதும் அவர்கள் வீட்டில் தூங்குவதில்லை. காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்று உள்ளே புகுந்தால் நாலு மாத உழைப்பு ஒரே ராத்திரியில் காலி.

இந்த இடத்தில்தான் சிலருக்குப் பரணில் கிடக்கும் தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி ஞாபகம் வருகிறது. துப்பாக்கி இருக்கிறது, ஆனால் அதைப் பற்றவைக்கும் கேப்பு இல்லை. உடனே போனை எடுத்து, 'குறைந்த விலை பிரைமர் எது'ன்னு தேடுகிறார்கள். யூடியூப்பில் அமெரிக்காக்காரர்கள் வீட்டு கராஜில் உட்கார்ந்து தோட்டா தயாரிக்கும் வீடியோ வரிசையாக வந்து விழுகிறது. பார்த்தால் நாமும் செய்யலாம் போலத்தான் இருக்கும்.

செய்யலாமா? சுருக்கமான பதில்: கூடாது. ஏன் என்பது கொஞ்சம் நீளமான கதை.

பிரைமர் என்றால் என்ன?

ஒரு தோட்டாவில் நாலு சமாச்சாரம் இருக்கிறது. வெளிக்கூடு, உள்ளே மருந்து, முன்னால் குண்டு அல்லது ரவை, பின்பக்கம் நடுவில் சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக ஒரு உலோக மூடி. அந்த மூடிதான் பிரைமர். மருந்து நெருப்பு பட்டால்தான் எரியும். பிரைமரோ அடி விழுந்தாலே வெடிக்கும். விசையை அழுத்தினால் ஊசி போய் அதில் இடிக்கும், அதன் பொறி மருந்தைப் பற்றவைக்கும்.

வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் நம்ம ஊர் ஒற்றைக்குழல் துப்பாக்கியில் தோட்டா கிடையாது. ஆனால் அதே வேலையைச் செய்யும் குட்டித் தொப்பி ஒன்று உண்டு. அதைத்தான் 'கேப்பு' என்கிறோம். குழாயின் பின்பக்க முனையில் தொப்பி மாதிரி மாட்டுவார்கள், சுத்தியல் வந்து அதன் தலையில் அடிக்கும்.

இதற்கு வழி போட்டவர் ஒரு பாதிரியார் என்பது சுவாரஸ்யம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஃபோர்சித். அந்தக் காலத் துப்பாக்கிகளில் சிக்கிமுக்கிக் கல் உரசி, முதலில் வெளியே பொறி பறந்து, அப்புறம்தான் குண்டு கிளம்பும். அந்த வெளிச்சத்தைப் பார்த்தே பறவை பறந்துவிடும். வேட்டைப் பிரியரான அவர், அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தைப் பயன்படுத்தி 1807ல் காப்புரிமை வாங்கினார். செம்புத் தொப்பி வடிவம் அதற்குப் பின்னால் வந்தது.

அமெரிக்காக்காரர் கணக்கு வேறு

அங்கே ரீலோடிங் ஒரு பொழுதுபோக்கு. சுட்ட பிறகு பித்தளைக் கூட்டைத் தூக்கிப் போடாமல், பழைய பிரைமரைத் தட்டி எடுத்துவிட்டுப் புதுசு வைத்து மறுபடி நிரப்புவார்கள். விலை அதிகமான கூடு திரும்பத் திரும்ப உதவும், பிரைமர் மட்டும் ஒருமுறைதான். அதனால்தான் 'மலிவு பிரைமர் எது' என்ற விவாதமே அங்கே நடக்கிறது. 2020ல் கொரோனா சமயத்தில் தட்டுப்பாடு வந்து பிரைமர் விலை எகிறியது, பேச்சு இன்னும் கூடிவிட்டது.

மலிவு பார்க்கிற அவர்களும் கம்பெனித் தயாரிப்புகளுக்குள்தான் தேடுகிறார்கள். சிறியது, பெரியது, கைத்துப்பாக்கிக்கு, ரைஃபிளுக்கு, ரவைத் துப்பாக்கிக்கு என்று பிரைமர் ஒவ்வொன்றும் தனி. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று போட்டால் குழாய்க்குள் அழுத்தம் மாறும். பாக்ஸர், பெர்டான் என்று இரண்டு அமைப்புகளும் உண்டு. முதலாவதில் கூட்டின் அடியில் நடுவே ஒரே துளை, பழைய பிரைமரை ஊசியால் நேராகத் தட்டிவிடலாம். பெர்டானில் வழக்கமாக இரண்டு துளை, ஓரத்தில் இருக்கும், லேசில் கழற்ற முடியாது. இது எதுவும் அந்த 10 நிமிட வீடியோவில் முழுசாக வராது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம்மில் பலருக்குத் தெரியாத இடம் இது. 'துப்பாக்கிக்குத்தானே லைசென்ஸ், கேப்புக்கு எதுக்கு?' என்று நினைப்பார்கள். 1959ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 2வது பிரிவில் 'வெடிபொருள்' என்பதற்கான விளக்கத்தைப் பார்த்தால், முழுத் தோட்டா மட்டும் அதில் இல்லை. துப்பாக்கிக்குப் போடும் மருந்து, அதற்கான துணைப் பொருட்கள், தோட்டாவின் பாகங்கள், தோட்டா தயாரிக்கும் இயந்திரம் எல்லாமே அதில் அடக்கம். அதாவது சட்டத்தின் கண்ணில் ஒரு டப்பா கேப்பும் வெடிபொருள்தான். வீடியோவில் வரும் அந்த ரீலோடிங் பிரஸ் கருவியும் அதே கணக்கு.

உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 3வது பிரிவு பாயும். 2019ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இதற்குக் குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. உரிமம் இல்லாமல் தயாரித்தாலோ விற்றாலோ அது 5வது பிரிவு. தண்டனை குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரை போகலாம். எண்களைக் கவனியுங்கள். வைத்திருப்பதைவிட, வீட்டில் 'சும்மா செஞ்சு பாக்குறது' பல மடங்கு பெரிய குற்றம். வெளிநாட்டு வெப்சைட்டில் ஆர்டர் போடலாம் என்று நினைப்பவர்களுக்கு: இறக்குமதிக்குத் தனி உரிமம் வேண்டும், அது 10வது பிரிவு.

லைசென்ஸ் இருப்பவருக்கும் அளவு உண்டு. உரிமத்தில் எவ்வளவு என்று எழுதியிருக்கிறதோ அவ்வளவுதான், அதுவும் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம், பதிவேட்டில் ஏற்றி வாங்க வேண்டும்.

மலிவு கேப்பில் உடம்புக்கு என்ன ஆபத்து?

கம்பெனி பிரைமர் டப்பாவைத் திறந்தால் ஒவ்வொன்றும் தனித்தனிக் குழியில் உட்கார்ந்திருக்கும். அழகுக்காக அப்படி வைக்கவில்லை. ஒன்றோடு ஒன்று உரசாமல் இருக்கவும், ஒன்று வெடித்தால் மொத்தமும் சேர்ந்து வெடிக்காமல் இருக்கவும்தான் அந்த ஏற்பாடு. கள்ளத்தனமாக விற்பவன் பழைய மாத்திரை டப்பாவில் கொட்டிக் கொடுப்பதை லுங்கி மடிப்பில் வைத்துக்கொண்டு நடப்பதும், சின்னக் குண்டு ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு நடப்பதும் ஒன்றுதான்.

அடுத்தது கண். நாட்டுத் துப்பாக்கியில் கேப்பு வெடிக்கும் இடம், குறி பார்ப்பவரின் முகத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான். தரமில்லாத தொப்பி சிதறினால் செம்புத் துணுக்கும் சூடான வாயுவும் பின்பக்கம் திரும்பும். குழாயைச் செய்தவரும் அழுத்தம் தாங்குமா என்று சோதித்திருக்க மாட்டார், அதற்கான வசதி பட்டறையில் கிடையாது.

மூன்றாவது, தாமத வெடி. கேப்பு அடித்தும் சத்தம் வராது. 'நமுத்துப் போச்சு'ன்னு குழாயைத் திருப்பிப் பார்க்கும் நேரத்தில் மருந்து பற்றிக்கொள்ளும்.

ஈயமும் இருக்கிறது. பெரும்பாலான பிரைமர்களில் ஈயச் சேர்மம் உண்டு, ரவையிலும் ஈயம்தான். குழந்தைகள் ரத்தத்தில் எவ்வளவு குறைந்த அளவு ஈயம் இருந்தாலும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த டப்பாவைச் சமையல்கட்டு அலமாரியில் வைக்கிற வீடுகளும் இருக்கின்றன என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கு.

அப்போ பயிரை எப்படிக் காப்பாத்துறது?

நியாயமான கேள்வி. 'சட்டம் பேசுறவங்க வந்து ஒரு ராத்திரி காவல் இருந்து பாருங்க' என்று விவசாயி கோபப்பட்டால் அதில் தப்பு சொல்ல முடியாது.

ஆயுதச் சட்டத்திலேயே இதற்கு ஒரு வழி இருக்கிறது, அது அதிகம் பேசப்படுவதில்லை. 13வது பிரிவு, உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்கலாம் என்று பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அந்தத் துப்பாக்கி போதாது என்று அதிகாரி கருதினால் வேறு வழவழப்பான குழல் துப்பாக்கிக்கும் கொடுக்கலாம். விண்ணப்பம் கலெக்டர் அலுவலகத்துக்குப் போகும், போலீஸ் விசாரணை நடக்கும். நாள் இழுக்கும் என்பது உண்மை. கிடைத்தால் 5 ஆண்டு செல்லும்.

ஆனால் இந்த உரிமம் பன்றியைச் சுட அனுமதி ஆகாது. அது 1972ம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் விஷயம். தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் அறிவித்த நடைமுறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், அதையும் வனத்துறையினர்தான் செய்ய வேண்டும். காட்டை ஒட்டியே வயல் வைத்திருக்கும் பென்னாகரத்துக்காரருக்கு இந்தக் கணக்கில் என்ன லாபம் என்று கேட்டால், சுடுவதைப் பொறுத்தவரை பெரிதாக ஒன்றும் இல்லை. சேத நிவாரணத்துக்கு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுப்பதுதான் அவருக்கு மிச்சம். சேதத்தை அன்றைக்கே போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

பரணில் இருக்கும் துப்பாக்கியை என்ன செய்வது?

தாத்தா பெயரில் உரிமம் இருந்து அவர் இறந்துவிட்டால், அந்தத் துப்பாக்கி தானாகப் பேரனுக்கு வந்துவிடாது. 21வது பிரிவுப்படி தாமதம் இல்லாமல் அருகில் உள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்டுத் தனியாக விண்ணப்பிக்கலாம். 'பழசு, அதனால ஆன்டிக்' என்ற வாதமும் எடுபடாது. உண்மையிலேயே பழம்பொருளாக இருந்தாலும் அதைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போக உரிமம் வேண்டும்.

உரிமமே இல்லாத துப்பாக்கி என்றால், தருமபுரி, கிருஷ்ணகிரி மலைக் கிராமங்களில் போலீசும் வனத்துறையும் அவ்வப்போது 'தானாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை' என்று கெடு வைத்து அறிவிப்பதுண்டு. அந்தச் சலுகை அறிவிப்பில் சொன்ன தேதி வரைதான். அறிவிப்பு இல்லாத நேரத்தில் ஒரு வக்கீலிடம் பேசிவிட்டு, ஊர்ப் பெரியவர்களோடு போய் ஒப்படைப்பது புத்திசாலித்தனம்.

வீடு சுத்தம் பண்ணும்போது பழைய கேப்பு டப்பாவோ கரிமருந்துப் பொட்டலமோ கிடைத்தால் திறக்காதீர்கள், குலுக்காதீர்கள். அடுப்பில் போடுவது, குப்பையோடு கொளுத்துவது, கிணற்றில் வீசுவது எதுவும் வேண்டாம். பையில் போட்டு பஸ்சில் ஸ்டேஷனுக்கு எடுத்துப் போவதும் வேண்டாம். இருக்கும் இடத்திலேயே விட்டு, பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாமல், 100 அல்லது 112க்கு போன் செய்து சொல்லுங்கள். அவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள்.