பெயர் மாறிய நீர்மூழ்கி

ஒரு நாட்டார் தம் யுத்தத்திற்கென அமைத்த கலம், அது ஓய்ந்தபின் பிறர் யுத்தத்திற்குக் கருவியாதலும் உண்டு. 'டையாப்லோ' என்னும் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1944 டிசம்பர் 1-ஆம் நாள் நீரில் இறக்கப்பெற்ற இக்கப்பல், 1945 ஆகஸ்டில் போர்முனை நோக்கிப் புறப்பட்டது. சேருமுன் ஜப்பான் பணிந்தமையின், பகைக்கலம் ஒன்றனையும் தாக்காது மீண்டது. 1964-இல் அமெரிக்கா இதனைப் பாகிஸ்தானுக்குக் குத்தகையாக அளித்தது. பழைய பெயர் ஸ்பானிய மொழியிற் பேயைக் குறிக்கும். புதியோர் இட்ட 'காஸி' என்னும் பெயரோ சமயப் போர்வீரனைக் குறிக்கும்.

1971 நவம்பர் 14-இல் கராச்சியை நீங்கிய காஸி, 'விக்ராந்த்' என்னும் இந்திய விமானந்தாங்கிக் கப்பலைத் தேடி வங்கக்கடல் புகுந்தது. இந்தியரோ விக்ராந்தை அந்தமான் பக்கம் மறைத்து, அது சென்னை, விசாகப்பட்டினக் கரைகளில் உலவுவதாகத் தோன்றுமாறு பொய்ச்செய்திகளைப் பரப்பினர். டிசம்பர் 3-ஆம் நாள் நள்ளிரவையொட்டி, விசாகப்பட்டினத் துறைமுகத்தருகே காஸி வெடித்து மூழ்கியது. அதிலிருந்த 90-க்கு மேற்பட்டோரில் ஒருவரும் பிழைத்திலர். 'ராஜ்புத்' கப்பல் எறிந்த வெடிகுண்டுகளே காரணம் என்பர் இந்தியர். காஸியின் சொந்த வெடிகளே காரணம் என்பர் பாகிஸ்தானியர்.

இவ்வழக்கு எவ்வாறு தீரினும், மாண்டோர் மீளார். கலம் கைமாறுங்கால் அதன் விலையும் வலிமையும் கணக்கிடப்படும். அதனுட் செல்வோர் உயிர் அக்கணக்கில் ஏறுவதில்லை என்பதை நாம் மறவாதிருப்போமாக.